ஆளுமை வளர்ச்சியா, அளவியலா? ஜேன் லோவிஞ்சரை முன்வைத்து ஒரு விவாதம்

மகிழம்பூ:
முனைவர் பட்ட ஆய்வில் முதலாண்டு மாணவி நான். துறை, உளவியல். தலைப்பை முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. மனிதர்கள் வயது ஏற ஏற மனத்தளவில் எப்படி முதிர்கிறார்கள் என்பதில் எனக்கு ஆர்வம். உளவியல் சோதனைகளை எப்படி உருவாக்குகிறார்கள், எதை அளப்பதாகச் சொல்கிறார்களோ அதைத்தான் அவை அளக்கின்றனவா என்பதிலும் அதே அளவு ஆர்வம். நெறியாளரோ இரட்டைக் குதிரைச் சவாரி வேண்டாம் என்கிறார். ஆளுமை வளர்ச்சி என்றால் ஏற்கெனவே இருக்கும் வினாப்பட்டியல் ஒன்றை எடுத்து இருநூறு பேரிடம் கொடுத்து வாங்கு, அளவியல் என்றால் புள்ளியியல் துறையில் போய் உட்கார் என்பது அவருடைய கணக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் யாரும் இல்லையா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. முன்னோட்டமாகத் தயாரித்த என் வினாப்பட்டியலுக்குக் கிரான்பாக் ஆல்ஃபா 0.95 வந்திருக்கிறது. நெறியாளருக்கு மகிழ்ச்சி. எனக்குத்தான் உறுத்துகிறது. இருபது கேள்விகளில் ஏழெட்டு, ஒரே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்பவை.

கணக்குவாத்தியார்:
உறுத்தல் நியாயமானது, அம்மா. ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டால் ஒரே பதில் ஏழு தடவை வரும். ஆல்ஃபா ஏறாமல் என்ன செய்யும்? கேள்விகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது காட்டும். எதை அளக்கின்றன என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஓர் எல்லைக்குமேல் நம்பகத்தன்மையை (கேள்விகளின் இந்த ஒத்துப்போதலை) ஏற்றினால் ஏற்புடைமை (அளக்க வேண்டியதை அளக்கும் தன்மை) இறங்கவே தொடங்கும். வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். இருபது கணக்குகள் கொடுக்கிறீர்கள். எல்லாம் ஒரே கடினத்தன்மை. ஒன்றைப் போட்டவன் அத்தனையையும் போட்டுவிடுவான், ஒன்றில் தவறியவன் அத்தனையிலும் தவறுவான். கேள்விகளுக்கு இடையிலான ஒட்டுறவு முழுமையாக இருக்கிறது. ஆனால் வரக்கூடிய மதிப்பெண்கள் இரண்டுதான்: 0 அல்லது 20. முதல் மாணவனுக்கும் பத்தாவது மாணவனுக்கும் என்ன வேறுபாடு என்று இந்தத் தேர்விடம் கேட்டால் அது விழிக்கும். ஒரே ஒரு கணக்கைக் கொடுத்திருந்தாலும் இதே தகவல் கிடைத்திருக்கும். மிச்சம் பத்தொன்பதும் தாள் செலவு.

இதை அளவியலாளர் குலிக்சன் 1945-லேயே கவனித்திருந்தார். 1954-ல் ‘அட்டெனுவேஷன் பாரடாக்ஸ்’ என்ற பெயரில் இதை அலசி எழுதியவர் ஜேன் லோவிஞ்சர். இன்றைக்கும் பல ஆய்வேடுகளில் ஆல்ஃபாவைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்க்கும்போது அந்தக் கட்டுரையை யாரும் படித்ததாகவே தெரியவில்லை.

சும்மா வந்தவன்:
லோவிஞ்சரா? ஈகோ வளர்ச்சிக்குப் படிநிலைகள் வகுத்த அம்மையார் அல்லவா? அவருக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன தொடர்பு?

நெடுவழி:
இந்தக் கேள்வியே மகிழம்பூவுக்குப் பாதி பதில். அளவியல் பாடநூல்களில் ஒரு லோவிஞ்சர் வருவார், ஆளுமைக் கோட்பாட்டுப் பாடநூல்களில் இன்னொரு லோவிஞ்சர் வருவார். இருவரும் ஒருவரே என்று அறியாமலே முதுகலையை முடித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 1918-ல், மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க விரும்பியபோது, அதில் கணக்கு அதிகம், உனக்குச் சரிவராது என்று தடுத்தார்களாம். அவர் போய்த் திரிகோணமிதி வகுப்பில் சேர்ந்துவிட்டார். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1937-ல் இளங்கலை, அடுத்த ஆண்டே உளவியல் அளவியலில் முதுகலை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் போக்கைத் தெரிந்துகொண்டால் அவருடைய பிற்காலம் விளங்கும். எம்எம்பிஐ என்ற புகழ்பெற்ற ஆளுமைச் சோதனை அங்கே ஹாத்தவே, மெக்கின்லி இருவரும் உருவாக்கியது. அதில் ஒரு கேள்வி ஏன் இடம்பெற்றது என்று கேட்டால், மனநோயாளிகளும் மற்றவர்களும் அதற்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொன்னார்கள் என்பதுதான் காரணம். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது பொருட்டல்ல. ‘மற்றவர்கள்’ என்ற குழுவில் பெரும்பாலோர் யார் தெரியுமா? மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்க வந்த உறவினர்களும் நண்பர்களும். பிரித்துக் காட்டினால் போதும், கோட்பாடு எதற்கு என்பது அந்தப் பள்ளியின் துணிவு.

அங்கிருந்து லோவிஞ்சர் போனது கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனுக்கு ஆய்வு உதவியாளராக இருந்தார். எரிக்சனிடம் நேர்மாறு: கோட்பாடு அள்ள அள்ள வரும், அளப்பதற்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு பக்கம் கோட்பாடில்லாத அளவை, மறுபக்கம் அளவையில்லாத கோட்பாடு. இரண்டையும் இளவயதிலேயே அருகிலிருந்து பார்த்தவர் அவர். 1944-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு ஆளுமையைத் தொடவே இல்லை. சோதனைகளின் நம்பகத்தன்மை என்று அன்று சொல்லப்பட்டதன் அடித்தளமே ஆட்டம் காண்கிறது என்பதுதான் அதன் வாதம்.

கணக்குவாத்தியார்:
அந்த ஆய்வின் வழியில் வந்ததுதான் அவர் பெயரால் வழங்கும் ‘எச்’ கெழு: கேள்விகள் ஒரே அளவுகோலில் எவ்வளவு சீராக அடுக்கி நிற்கின்றன என்பதைக் காட்டும் எண். 1971-ல் நெதர்லாந்தின் மொக்கன் அதை எடுத்துத் தன் அளவுகோல் முறைக்கு முதுகெலும்பாக வைத்தார். இன்று ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் மொக்கன் தொகுப்பை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அறிந்தோ அறியாமலோ லோவிஞ்சரைத்தான் கணக்கிடுகிறார்கள். 0.3-க்குக் கீழே வந்தால் அந்த அளவுகோல் தேறாது என்று விட்டுவிடுவது வழக்கம். மகிழம்பூ, உங்கள் தரவில் இதையும் போட்டுப் பாருங்கள். ஆல்ஃபா மூடி மறைத்ததில் கொஞ்சம் வெளியே வரும்.

வைகறை:
இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரலாற்றை ஆண்கள் எழுதினால் எப்போதும் ஒரு பத்தி விடுபட்டுப் போகிறது. 1943-ல் அவர் மணந்த சாமுவேல் வைஸ்மன் வேதியியலாளர், லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர். போர் முடிந்து 1946-ல் கணவருக்கு செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணி அமைந்தது. முனைவர் பட்டம் பெற்ற மனைவிக்கு? வீடு, இரண்டு குழந்தைகள், அவ்வப்போது பகுதிநேர வேலை. மேலே சொன்ன 1954 கட்டுரையையும் 1957-ல் இன்னொரு முக்கியக் கட்டுரையையும் எழுதியபோது அவர் பேராசிரியர் அல்லர். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனது 1971-ல். அப்போது வயது 53.

நெடுவழி:
வைகறை சொன்னது முழுக்கச் சரி, அதோடு அது ஆய்வின் உள்ளேயும் நுழைந்தது. செயின்ட் லூயிஸில் அவருக்கு அகப்பட்ட ஒரு வேலை விமானப்படைக்கான ஆய்வு. ஆண்களைப் பற்றியது. சலிப்புத் தட்டியது. பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்து, தாய்மார்களின் மனப்பாங்கை ஆராயத் தொடங்கினார். பிளான்ச் ஸ்வீட் என்பவருடன் சேர்ந்து குடும்பப் பிரச்சினைகள் குறித்த ஒரு வினாப்பட்டியல் உருவாயிற்று. குழந்தைக்குப் பாலூட்டுவது, கழிவறைப் பழக்கம், கண்டிப்பது, மாதவிலக்கு என்று அன்றைய பல்கலைக்கழக ஆண்கள் ஆய்வுப் பொருளாகவே நினைக்காதவை அதில் இருந்தன.

ஃப்ராய்டின் பருவங்களை ஒட்டிக் கேள்விகள் கொத்துக் கொத்தாகச் சேரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. சேரவில்லை. மாறாக ஒரே ஒரு பெரிய கொத்து வந்தது. அதற்குக் ‘குடும்பத்தில் அதிகாரப் போக்கு’ என்பது போலப் பெயர் வைத்தார்கள். கண்டிப்பு அதில் ஒரு பகுதிதான். கண்டிப்பான தாய்மார்களிடம் இன்னொன்றும் சேர்ந்தே வந்தது: தன் குழந்தைக்கென்று உள்ளே ஒரு மனவோட்டம் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க இயலாமை.

இங்கேதான் அளவியல் படித்தவர் விழித்துக்கொள்கிறார். ஒரு முனையில் அதிகாரப் போக்கு என்றால் மறுமுனையில் தாராள மனம் என்றுதானே நாம் நினைப்போம்? அவர் பார்த்தது வேறு. அதிகாரப் போக்கு அடிமட்டம் அல்ல, நடுவில் இருக்கும் ஒரு கட்டம். அதற்கும் கீழே இருப்பது ஒழுங்கே இல்லாத, அந்தந்த நேரத்து உந்துதலில் ஓடும் வாழ்க்கை. அப்படியானால் ‘ஊரோடு ஒத்துப்போதல்’ என்ற பண்பு ஒருவர் முதிரும்போது முதலில் ஏறும், பிறகு இறங்கும். ஏறி இறங்குகிற ஒன்றை ஆம், இல்லை என்று கேட்டு மதிப்பெண்ணைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? இன்னும் அந்தக் கட்டத்தை எட்டாதவரும் அதைத் தாண்டிப் போனவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்.

மகிழம்பூ:
அப்படியானால் கூட்டுத்தொகையே தவறா? எங்கள் துறையில் எந்தச் சோதனையானாலும் கடைசியில் கூட்டிவிடுகிறோம்!

நெடுவழி:
தவறு என்று அவர் சொல்லவில்லை. கூட்டுவதற்கும் ஒரு காரணம் வேண்டும் என்றார். 1957-ல் ‘உளவியல் கோட்பாட்டின் கருவிகளாகப் புறநிலைச் சோதனைகள்’ என்ற பொருளில் அறுபது பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். அவர் எழுதியதில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் அதைப் படியுங்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு கிரான்பாக்கும் மீலும் கருத்தாக்க ஏற்புடைமை பற்றி, அதாவது ஒரு சோதனை தான் சொல்லும் கருத்தைத்தான் அளக்கிறதா என்பதைப் பற்றி, எழுதியிருந்தார்கள். ஏற்புடைமையில் அதுவும் ஒரு வகை என்ற அளவில் அந்தப் பேச்சு இருந்தது. அறிவியல் நோக்கில் பார்த்தால் ஏற்புடைமை என்பதே அதுதான், மற்றவை அந்தந்த நேரத்துத் தேவைக்கானவை என்றார் லோவிஞ்சர். முப்பது ஆண்டு கழித்து அளவியலாளர் மெசிக் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுப்பகுதி. கேள்விகளின் உள்ளடக்கம் சரியாக இருக்க வேண்டும், வெளியுலக நடத்தையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். இவற்றுக்கு இடையில் அமைப்பு என்று ஒன்றை வைத்தார். அளக்கப்படும் பண்பு எந்த அமைப்பில் இருக்கிறதோ, மதிப்பெண் போடும் விதியும் அந்த அமைப்பில் இருக்க வேண்டும். பண்பு கூடிக்கொண்டே போகிறது என்றால் கூட்டுங்கள். கட்டம் கட்டமாக வடிவம் மாறுகிறது என்றால் வேறு விதி தேடுங்கள்.

தேடித்தான் வாக்கிய நிறைவுச் சோதனைக்கு வந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழக வாக்கிய நிறைவுச் சோதனை என்று பெயர். 36 பாதி வாக்கியங்கள் இருக்கும்: “விதிகள் என்பவை…”, “என்னை யாராவது குறை சொன்னால்…”, “ஒரு பெண்ணுக்குத் தொழில்வாழ்க்கை என்பது…”. எழுதுபவர் தன் மனம்போல முடிக்கலாம். “விதிகள் என்பவை எனக்குப் பிடிக்காது” என்று ஒருவர் எழுதுகிறார், “எல்லோரும் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை” என்கிறார் இன்னொருவர், “தேவைதான், ஆனால் எதற்காக வைத்தோம் என்பது மறந்துபோனால் சுமையாகிவிடும்” என்கிறார் மூன்றாமவர் என்று வையுங்கள். (பதில்கள் என் கற்பனை, கையேட்டிலிருந்து எடுத்தவை அல்ல.) யார் விதியை ஆதரிக்கிறார், யார் எதிர்க்கிறார் என்று எண்ணினால் முதலாமவரும் மூன்றாமவரும் ஏறத்தாழ ஒரே பக்கம். எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தால் இருவருக்கும் நெடுந்தூரம்.

சும்மா வந்தவன்:
இதை ஆள் பார்த்துத்தானே மதிப்பிட வேண்டும்? அப்புறம் புறநிலை எங்கே போயிற்று?

நெடுவழி:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அவர் உழைப்பின் பெரும்பகுதி அங்கேதான் போனது. ஒருவரின் 36 பதில்களை மொத்தமாகப் படித்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது. முதல் வாக்கியத்துக்கு எல்லோரும் எழுதிய பதில்களை மட்டும் தனியே தொகுத்து மதிப்பிட வேண்டும், பிறகு இரண்டாவது வாக்கியம். இவர் நன்றாக எழுதுகிறவர் என்ற எண்ணம் ஒரு பதிலிலிருந்து அடுத்ததற்குத் தொற்றாது. எந்த மாதிரிப் பதில் எந்தக் கட்டம் என்பதற்குக் கையேடு இருக்கிறது. வெஸ்லருடன் சேர்ந்து 1970-ல் வெளியிட்டது, யாருடைய உதவியும் இல்லாமல் தானே பயிற்சி எடுத்துக்கொள்ளும்படி பயிற்சித் தாள்களோடு வந்தது. பிறகு ஹையுடன் சேர்ந்து 1996-ல் திருத்திய பதிப்பு.

அந்தக் கையேட்டை மேலிருந்து கோட்பாட்டை வைத்து எழுதிவிடவில்லை. ஒரு வகைப் பதிலை இந்தக் கட்டம் என்று தற்காலிகமாக வைப்பார்கள். அதை எழுதியவர்கள் மற்ற 35 வாக்கியங்களிலும் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் அந்தப் பதில் வேறு கட்டத்துக்கு மாறும். மாறும்போது அந்தக் கட்டத்தைப் பற்றிய விளக்கமும் சேர்ந்து மாறும். கோட்பாடு வளர்ந்ததே இந்த மதிப்பெண் பட்டியலுக்குள்தான். 1976-ல் வெளிவந்த ‘ஈகோ டெவலப்மென்ட்’ நூலைப் படிப்பவர்கள் அதை ஏதோ தத்துவ நூல் போலப் படிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான அரைவரிப் பதில்கள் அதன் அடியில் இருக்கின்றன.

கடைசியில் 36 மதிப்பீடுகளிலிருந்து ஒரே முடிவுக்கு வருவதும் சராசரியால் அல்ல. பதில்கள் கட்டங்களில் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து, இரு ஓரங்களிலும் விழும் சில பதில்களுக்குக் கூடுதல் எடை தரும் விதி ஒன்று உண்டு. 1957-ல் சொன்ன அமைப்பு விதி இதுதான். அதனால்தான் இவருக்கு இரண்டு துறை என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. அளவியல் தெரியாதவர் அந்த வினாப்பட்டியலைக் கூட்டிவிட்டு, கிடைத்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருப்பார்.

புறநகர்:
பள்ளி ஆலோசகராக வேலை செய்கிறேன். இத்தனை பாராட்டுக்குப் பிறகு ஒருவராவது எதிர்த்துப் பேச வேண்டும் அல்லவா?

உந்துதல் வசப்பட்டவர், தற்காப்பவர், ஒத்துப்போகிறவர், தன்னையறிபவர், மனச்சான்றுக்குக் கட்டுப்பட்டவர் என்று ஏறி ஏறி, கடைசியில் தனித்தன்மை, தன்னாட்சி, ஒருங்கிணைவு. இந்த ஏணியின் உச்சியில் நிற்பவர் யார் மாதிரி பேசுகிறார் என்று பார்த்தீர்களா? “ஒருபுறம் பார்த்தால்… மறுபுறம் பார்த்தால்…” என்று இழுத்துப் பேசும் படித்த நகரவாசி. என்னிடம் வரும் பெற்றோரில் நான்கு சொல்லில் பேச்சை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். “பிள்ளை நல்லா இருந்தால் போதும்.” அவர்களிடம் உள்ள முதிர்ச்சியை இந்தத் தாள் பிடிக்குமா? நீளமாக எழுதினால் மேல்கட்டம், சுருக்கமாக எழுதினால் கீழ்க்கட்டம் என்றால் அது மொழித் தேர்வு.

போதாக்குறைக்கு இதன் கிளைகளை எடுத்துக்கொண்டு நிறுவனங்களில் “உங்கள் தலைமைப் பண்பு எந்தக் கட்டம்” என்று கட்டணம் வாங்கிச் சொல்கிறார்கள்.

நெடுவழி:
சொல் எண்ணிக்கைக்கும் மதிப்பீட்டுக்கும் தொடர்பு இருக்கிறது, மறுக்க முடியாது. சிக்கலாக யோசிப்பதைச் சொல்லக் கொஞ்சம் கூடுதல் சொற்கள் வேண்டும் என்பது அந்தப் பக்கத்தின் விடை. எனக்கு அது முழு விடையாகப் படவில்லை. அறிவுத்திறனைப் பொறுத்தவரை 2004-ல் கோனும் வெஸ்டன்பர்க்கும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒட்டுறவு 0.20 முதல் 0.34 வரை. அறிவுத்திறனைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரும்பாலும் மிச்சம் நின்றது. ஆகவே மொழித் தேர்வு மட்டும் என்று தள்ளிவிட இயலாது, மொழித் தேர்வே இல்லை என்றும் சொல்ல இயலாது.

ஏணி விஷயத்தில் லோவிஞ்சருக்கும் அவரைப் பயன்படுத்தியவர்களுக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டும். மேல்கட்டத்தில் இருப்பவர் மகிழ்ச்சியாகவோ மனநலத்தோடோ இருப்பார் என்று அவர் சொன்னதில்லை. ஒத்துப்போகும் கட்டத்தில் நிறைவாக வாழ்பவர்கள் உண்டு. மேலே போனவர்களுக்கு உள்முரண்கள் கூடுகின்றன. (அவர் சொல்லும் ஈகோ நம் ஊரில் “ஈகோ பார்க்கிறான்” என்கிறோமே, அதுவும் அல்ல. உலகத்தையும் தன்னையும் ஒருவர் எந்தச் சட்டகத்தில் பொருத்திப் பார்க்கிறார் என்பதுதான்.) ஏணியை விற்கிறவர்களுக்கு இந்த நுணுக்கம் வியாபாரத்துக்கு ஆகாது.

புறநகர்:
கோடு போடுவது எளிது. ஏணி என்று வரைந்தால் ஏறத்தான் பார்ப்பார்கள். வரைந்தவருக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது.

வைகறை:
புறநகர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஒன்று. மற்ற வளர்ச்சிக் கோட்பாடுகள் எந்த மாதிரியின்மேல் நிற்கின்றன? கோல்பர்க் அறவளர்ச்சிக்குப் பேட்டி கண்டது சிறுவர்களை. சிறுமிகளை அல்ல. லோவிஞ்சரின் கையேடு பெண்கள், சிறுமிகளின் பதில்களிலிருந்து முதலில் எழுந்தது, ஆண்களுக்கான படிவங்கள் பின்னால்தான் வந்தன. பெண்ணை அளவுகோலாக வைத்து, ஆணைப் பிறகு பொருத்திப் பார்த்த கோட்பாடு அந்தக் காலத்தில் எத்தனை இருந்தன?

நெடுவழி:
அந்த மாதிரியில் ஒரு குறையும் உண்டு. பெரும்பாலும் பெரியவர்களின் பதில்களை வைத்தே அடிக்கட்டங்களையும் வரைந்ததால், உந்துதல் வசப்பட்டவர் முரட்டுத்தனமானவராகவே காட்சியளித்தார். நெதர்லாந்தில் வெஸ்டன்பர்க் குழு குழந்தைகளிடமும் இளையோரிடமும் பதில் வாங்கி, 1998-ல் அந்தக் கட்டங்களைத் திருத்தி எழுதியது. குழந்தைகளிடம் அந்தக் கட்டத்தில் தெரிந்தது முரட்டுத்தனத்தைவிட அடுத்தவரைச் சார்ந்திருப்பதும் எளிதில் காயப்படுவதும்தான். முப்பது வயதிலும் அங்கேயே நின்றுவிட்டவரைப் பார்த்து ஆறு வயதுக் குழந்தையை வரைந்தால் அப்படித்தான் ஆகும். பதில்கள் வந்து கோட்பாட்டைத் திருத்தின. அவருடைய முறையே அதற்கு இடம் வைத்திருந்தது.

மகிழம்பூ:
எல்லோருக்கும் நன்றி. நெறியாளரிடம் பேசினேன். 1957 கட்டுரையைக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார். வினாப்பட்டியலை விட்டுவிட்டு வாக்கிய நிறைவு முறையில் நடுவயதுப் பெண்கள் அறுபது பேரிடம் முன்னோட்டம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நேரில் எழுதித் தர இயலாதவர்கள் வாய்மொழியாகச் சொல்லலாமா? மதிப்பீட்டாளர்கள் எத்தனை பேர் வேண்டும்?

புறநகர்:
வாய்மொழி வேண்டும் என்பேன். எழுதத் தயங்குபவர்களை விட்டுவிட்டால் நான் சொன்ன குறையை நீங்களும் செய்வீர்கள். ஆனால் எழுதியதையும் சொன்னதையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே குறித்து வையுங்கள். சொல்லும்போது யாருக்கும் நீளம் கூடும். சொல் எண்ணிக்கையையும் ஒரு தனி நெடுவரிசையில் எழுதிக்கொண்டே வாருங்கள், பின்னால் சண்டை போட உதவும்.

கணக்குவாத்தியார்:
குறைந்தது இருவர். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. பெயர், வயது, படிப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நெடுவழி சொன்னது போல வாக்கியவாரியாகத் தொகுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் பதினேழாவது ஆள் யார் என்று மூன்றாம் தாளிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இருவருக்கும் இடையிலான உடன்பாட்டை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கப்பாவில் கணக்கிடுங்கள், வெறும் சதவீதம் ஏமாற்றும்.

இன்னொன்று. மதிப்பீட்டாளர்களில் ஒருவராக நெறியாளரை வைக்காதீர்கள். அவர் என்ன போட்டார் என்று தெரிந்துவிட்டால், மற்றவருடைய உடன்பாடு 0.95-க்கு ஏறிவிடும்.